யுரேனியத்தை எடை போடும் வேலை: அணுப்பொருள் பகுப்பாய்வு வேதியியலுக்கு வர நினைக்கும் சென்னைப் பிள்ளைகளுக்கு

தாம்பரத்தில் இருக்கும் என் அத்தைக்கு என் வேலையைப் புரிய வைக்க இருபது வருடமாகப் பார்க்கிறேன், முடியவில்லை. "ஏண்டா, அந்த யுரேனியத்தைத் தொட்டா கை வெந்துடாதா?" என்று ஆரம்பிப்பார். "கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடுவோம் அத்தை. எடை போடுவோம், கரைப்போம், எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்" என்பேன். "எடை போடறதுக்கா எம்.எஸ்ஸி., பிஎச்.டி.?" என்று கேட்டுவிட்டு காபி கலக்க உள்ளே போய்விடுவார்.

அத்தை கேட்டது சரியான கேள்வி. எடை போடத்தான் அவ்வளவும். கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டு, கல்பாக்கம் பக்கம் போகலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் வருடத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

ஓர் அணு உலைக்குப் போகும் எரிபொருள் வில்லையைப் பற்றி வேதியியலாளரிடம் கேட்கப்படும் கேள்விகள் நான்குதான். இதில் யுரேனியமோ புளூட்டோனியமோ எவ்வளவு? அதில் எந்த ஐசோடோப்பு என்ன விகிதம்? உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் என்ன? வேறு என்ன அழுக்கு கலந்திருக்கிறது?

முதல் கேள்விக்கான பதிலை 0.1 சதவீதத் துல்லியத்தில் எதிர்பார்ப்பார்கள். மருந்து ஆலையிலோ உணவுப் பரிசோதனைக் கூடத்திலோ ஒரு சதவீதம் தள்ளி வந்தால் பெரும்பாலும் யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே கேட்பார்கள். புளூட்டோனியத்துக்குக் கிராம் கணக்கில் வரவு செலவு எழுதப்படுகிறது. சர்வதேச அணுசக்தி முகமை 8 கிலோ புளூட்டோனியத்தைக் கணக்கில் தவறவிடக்கூடாத அளவாக வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு டன் புளூட்டோனியம் கையாளும் ஆலையில் ஒரு சதவீதப் பிழை என்றால் 10 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், அத்தையின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

நான்காவது கேள்விதான் புதிதாக வருகிறவர்களைக் கவிழ்க்கும். போரான்-10 நியூட்ரானை அப்படியே விழுங்கும். காடோலினியம்-157 அதைவிடப் பன்மடங்கு பசியோடு விழுங்கும். முன்னதன் பிடிப்புத் திறன் சுமார் 3,840 பார்ன் (நியூட்ரானைப் பிடிக்கும் திறனுக்கான அலகு), பின்னதன் திறன் இரண்டரை லட்சம் பார்ன். நியூட்ரானை இவை தின்றுவிட்டால் உலையில் சங்கிலித் தொடர் வினைக்கு என்ன மிஞ்சும்? அதனால் எரிபொருளில் போரான், ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு யுரேனியம் ஆக்சைடு சாம்பிளில் போரான் பார்க்கச் சொன்னார்கள். நைட்ரிக் அமிலத்தில் கரைத்தேன். அடியில் கொஞ்சம் துகள் கரையாமல் நின்றது. கெட்டிக்காரத்தனமாக ஒரு துளி ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் விட்டேன், கரைந்தது. மணி ஆகிவிட்டதால் பீக்கரை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் கருவியில் வைத்தால் போரான் எகிறிப்போய் நிற்கிறது. அந்த எண்ணிக்கை உண்மையாக இருந்தால் அந்த மொத்தத் தொகுதியையும் ஒதுக்க வேண்டியதுதான். கை நடுங்க மேடத்திடம் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. "எதுல கரைச்ச?" என்றார். "கண்ணாடி பீக்கர், மேடம்." "என்ன கண்ணாடி?" "போரோசிலிகேட்..." சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. பெயரிலேயே போரான் இருக்கிறது. அந்தக் கண்ணாடியின் எடையில் எட்டில் ஒரு பங்கு போரான் ஆக்சைடு. ஃப்ளூரைடு அதை ராத்திரி முழுக்க அரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. டெஃப்லான் பாத்திரத்தில் மறுபடி செய்தேன், எண்ணிக்கை வர வேண்டிய இடத்துக்கு வந்தது. மேடம் திட்டியது போரானுக்காக அல்ல. அதே மாதிரிப் பாத்திரத்தில் சாம்பிள் இல்லாமல் ஒரு பிளாங்க் வைத்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேனே என்பதற்காக. அப்புறம், அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே பூச வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஹைட்ரோஃப்ளூரிக் அமில பாட்டிலைத் திறந்ததற்காகத் தனியாக ஒரு திட்டு.

எங்கே வேலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டிப் போனால் சுமார் 70 கிலோமீட்டரில் கல்பாக்கம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை பக்கத்திலேயே. இங்கே சென்னை அணுமின் நிலையத்தின் 220 மெகாவாட் உலைகள் இரண்டு, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பிரிவுகள், செலவான எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலை, 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை எல்லாம் ஒரே வளாகத்தை ஒட்டி இருக்கின்றன.

இந்திரா காந்தி மையம் 1971-இல் உலை ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் தொடங்கி, 1985-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. அதே 1985 அக்டோபரில் அங்கே வேகச் சோதனை உலை இயங்கத் தொடங்கியது. அதன் முதல் எரிபொருள் 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடும் 30 சதவீதம் யுரேனியம் கார்பைடும் கலந்தது. கார்பைடு காற்றுப் பட்டால் கெட்டுவிடும், பொடியாக இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். ஆகவே அதற்கான வேதியியல் வேலை எல்லாம் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும். இந்த மையத்தின் இயக்குநராக இருந்த பி.ஆர். வாசுதேவ ராவ் அடிப்படையில் ஒரு கதிரியக்க வேதியியலாளர்தான். "வேதியியல் படிச்சா லேப்போட சரி" என்று சொல்கிற மாமாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கல்பாக்கம் மட்டுமே கதவல்ல. ஐதராபாத்தில் அணு எரிபொருள் வளாகத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், அதே ஊரில் தாதுக்களைத் தேடும் அணு கனிம இயக்ககம், மும்பை டிராம்பேயில் பாபா மையம், ஜாதுகுடாவில் யுரேனியக் கழகம், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை, கூடங்குளம் அணுமின் நிலையம் என்று பல இடங்களில் இதே படிப்புக்கு வேலை உண்டு. மின் நிலையத்தில் வேலை வேறு மாதிரி. அங்கே எரிபொருளைவிடத் தண்ணீர்தான் முக்கியம். கனநீரின் தூய்மை, குழாய் அரிப்பு, கரைந்த ஆக்சிஜன் என்று நாள் முழுக்கத் தண்ணீர் வேதியியல். ஷிப்டு உண்டு.

படிப்பு

இதை நீட்ட ஒன்றுமில்லை. பி.எஸ்ஸி. வேதியியல், பிறகு எம்.எஸ்ஸி. மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகம், ஜாம் தேர்வு எழுதினால் சென்னை ஐ.ஐ.டி. எங்கே படித்தாலும் சரி, மதிப்பெண்ணை 60 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள். நான் பார்த்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் 59.4 வாங்கிவிட்டு விண்ணப்பமே போட முடியாமல் நின்றான்.

ஆர்கானிக் வேதியியலில் மயங்கிக் கிடக்கிறவர்கள் நிறைய. தப்பில்லை. ஆனால் இந்தப் பக்கம் வர வேண்டுமானால் அணைவுச் சேர்மங்கள், மின் வேதியியல், கரைப்பான் பிரிப்பு, லாந்தனைடு ஆக்டினைடு பாடங்கள், கதிரியக்கச் சிதைவுக் கணக்குகள் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிக்க வேண்டும். ஆக்டினைடு பாடத்தைக் கடைசி யூனிட் என்று பல கல்லூரிகளில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். நீங்களாகத்தான் படிக்க வேண்டும். யுரேனியம் ஏன் நான்காம், ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலைகளில் நிற்கிறது, புளூட்டோனியம் ஒரே கரைசலில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று நான்கு நிலைகளிலும் சேர்ந்து நிற்பது எப்படி என்பதற்கு உங்கள் சொந்த வார்த்தையில் விளக்கம் சொல்லத் தெரிந்தால் போதும். மறுசுத்திகரிப்பு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. டோடெக்கேனில் 30 சதவீதம் ட்ரைபியூட்டைல் ஃபாஸ்ஃபேட் கலந்து குலுக்கினால் நான்கும் ஆறும் கரிமக் கரைப்பானுக்குத் தாவும், மூன்று தண்ணீரிலேயே நிற்கும்.

கையைப் பழக்குவது

இங்கேதான் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறேன். வருகிற பிள்ளைகள் எல்லோரும், அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பற்றித்தான் கேட்கிறார்கள். பிப்பெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கல்லூரியில் நான்கு தசமத் தராசு இருக்கும். ஆய்வகப் பொறுப்பாளரிடம் நல்லபடியாகக் கேட்டு ஒரு மணி நேரம் வாங்குங்கள். 10 மில்லி பிப்பெட்டால் வடிநீரை எடுத்து, எடை பார்த்த மூடிய குடுவையில் விட்டு எடை போடுங்கள். பத்து முறை. சென்னையில் 30 டிகிரி அறையில் 9.95 கிராம் பக்கத்தில் வர வேண்டும். பத்து எண்ணும் ஒன்றுக்கொன்று 0.01 கிராமுக்குள் நிற்கிறதா? முதல் தடவை யாருக்கும் நிற்காது. எனக்கு 0.06 வரை ஓடியது. பிப்பெட் நுனியைச் சுவரில் தொட்டு எடுப்பது, வடிய விடும் நேரம், கண்ணை எந்த மட்டத்தில் வைக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து எண்ணில் தெரியும். ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். வாயால் மட்டும் உறிஞ்சாதீர்கள். இன்னும் சில கல்லூரிகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது. கதிரியக்க ஆய்வகத்தில் அப்படிச் செய்தால் அன்றோடு வெளியே.

அப்புறம் பிப்பெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் 20 டிகிரி, சிலவற்றில் 27 டிகிரி என்று இருக்கும். தண்ணீரின் அடர்த்தி 20 டிகிரியில் 0.9982, 30 டிகிரியில் 0.9957. கால் சதவீத வித்தியாசம். 0.1 சதவீதத் துல்லியம் கேட்கிற வேலையில், ஏ.சி. நின்றுபோன ஒரு மே மாத மதியம் போதும் உங்கள் முடிவைக் கவிழ்க்க. இதனால்தான் நாங்கள் கன அளவை நம்புவதில்லை, கரைசலையும் எடை போட்டே எடுப்போம். எடை வெயிலில் விரியாது. ஆனால் அதற்கும் ஒரு வரி கட்ட வேண்டும். காற்று மிதப்புத் திருத்தம், தண்ணீருக்கு சுமார் 0.1 சதவீதம். இதைக் கேட்டதும் சிரித்த மாணவர்கள் உண்டு. கணக்குப் போட்டுக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிடும்.

அடுத்தது மோர் உப்பு. பி.எஸ்ஸி.யில் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டை டைக்ரோமேட்டால் தரம் பார்த்திருப்பீர்கள். பழைய சங்கதி என்று நினைக்காதீர்கள். யுரேனியத்தை அளக்க உலகம் முழுக்க இன்றும் பயன்படும் முறைக்கு அதுதான் தாத்தா. அந்த யுரேனிய முறையை 1964-இல் டேவிஸ், கிரே என்ற இருவர் வெளியிட்டார்கள். அடர் ஃபாஸ்ஃபாரிக் அமிலத்தில் ஃபெரஸ் இரும்பைப் போட்டால், ஆறாம் நிலை யுரேனியம் நான்காம் நிலைக்கு இறங்கும். மிச்சமுள்ள ஃபெரஸை நைட்ரிக் அமிலமும் துளி மாலிப்டினமும் சேர்த்து அழித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் கரைசல் திடீரென்று கடுங்காப்பி மாதிரிக் கறுத்து, பிறகு சில நொடிகளில் தெளியும். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம் பார்த்தோமே, அந்தப் பழுப்பின் அண்ணன்தான் இது. தெளிந்த பிறகு கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் போல விட்டு, தண்ணீரும் வனேடியமும் சேர்த்து, உடனே டைக்ரோமேட்டால் தரம் பார்க்க வேண்டும். தாமதித்தால் யுரேனியம் காற்றில் மறுபடி ஏறிவிடும். பக்கத்து மேசைக்காரர் சினிமா பேச வந்தால் அந்த நேரத்தில் திரும்பக்கூடாது. அந்தச் சில நிமிடம் எனக்கு இன்றைக்கும் பூஜை நேரம் மாதிரிதான். மோர் உப்பு டைட்ரேஷனில் மூன்று முறை ஒரே ரீடிங் வருகிற கை உங்களுக்கு இருந்தால், இதுவும் வரும். "கன்கார்டன்ட் வேல்யூ" வர வேண்டுமே என்று பக்கத்துப் பையனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிற கையாக இருந்தால், தயவுசெய்து வேறு வேலை பாருங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை.

நோட்டுப் புத்தகமும் இதே கணக்குத்தான். பேனாவால் எழுதுங்கள். தப்பு வந்தால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. வொய்ட்னர் என்ற பொருளை மறந்துவிடுங்கள்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கேட்டவர்களுக்கு

சரி, அதையும் சொல்கிறேன். ஐசோடோப்பு நீர்த்தல் என்ற முறை இந்தத் துறையின் அழகான யோசனை. ஒரு மூட்டைப் புளியங்கொட்டை இருக்கிறது, எத்தனை என்று எண்ண வேண்டும். நூறு கொட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசி மூட்டைக்குள் போட்டு நன்றாகக் கலக்குங்கள். ஒரு கை அள்ளிப் பாருங்கள். சிவப்பு ஒன்றுக்குச் சாதாரணக் கொட்டை முப்பது இருந்தால், மூட்டையில் மூவாயிரம். அள்ளும்போது கொஞ்சம் கீழே சிந்தினாலும் விகிதம் மாறாது. அதுதான் விசேஷம். யுரேனியத்துக்குச் சிவப்புக் கொட்டை யுரேனியம்-233. புளூட்டோனியத்துக்குப் பெரும்பாலும் புளூட்டோனியம்-242. ஹாட் செல்லில், தடித்த ஈயக் கண்ணாடிக்குப் பின்னால், இயந்திரக் கையால் கரைத்த எரிபொருளிலிருந்து ஒரு துளியை எடுத்து ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்து வெளியே கொண்டுவந்தாலும் கணக்கு நிற்பது இதனால்தான். எரிபொருள் எவ்வளவு எரிந்திருக்கிறது என்று பார்ப்பதும் இதே வழியில்தான். பிளவில் பிறக்கும் நியோடிமியம்-148 எவ்வளவு என்று அளந்தால் எத்தனை அணு பிளந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம்.

கருவி பொய் சொல்லும் இடமும் தெரிய வேண்டும். யுரேனியம்-238, புளூட்டோனியம்-238 இரண்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரே இடத்தில் உட்காரும். அதனால் முதலில் வேதியியலால் பிரிக்க வேண்டும். பிரித்தாலும் துளி யுரேனியம் ஒட்டிக்கொள்ளும், எனவே புளூட்டோனியம்-238-ஐ ஆல்ஃபா ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்ப்போம். அங்கே போனால் அமெரிசியம்-241 கிட்டத்தட்ட அதே ஆற்றலில் வந்து மேலே படுத்துக்கொள்ளும். அதையும் முன்கூட்டியே நீக்க வேண்டும். இந்த அமெரிசியம் எங்கிருந்து வந்தது? புளூட்டோனியம்-241 சிதைந்து. அதன் அரை ஆயுள் 14.3 ஆண்டு, வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைந்துகொண்டே போகும். ஆகவே புளூட்டோனியம் அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் தேதி இல்லாவிட்டால் அந்த அறிக்கையை மடித்துப் பஜ்ஜி கட்டலாம்.

உள்ளே நுழையும் வழிகள்

மூன்று வாசல்.

எம்.எஸ்ஸி. முடித்தவர்களுக்குப் பெரிய வாசல், பாபா மையத்தின் பயிற்சிப் பள்ளி. 1957-லிருந்து நடக்கிறது. ஓ.சி.இ.எஸ். என்பார்கள், ஓராண்டுப் பயிற்சி. கல்பாக்கத்திலும் இந்தப் பள்ளி உண்டு. கேட் மதிப்பெண் வழியாகவோ அவர்களே நடத்தும் ஆன்லைன் தேர்வு வழியாகவோ நேர்முகத்துக்கு அழைப்பு வரும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26, மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. பயிற்சியில் உதவித்தொகை, முடிந்ததும் அறிவியல் அலுவலர்-சி பதவி. ஏழாவது ஊதியக் குழுவின் நிலை 10, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மூன்று வருடம் துறையிலேயே இருப்பேன் என்று எழுதித் தர வேண்டும்.

பி.எஸ்ஸி.யோடு நிற்கிறவர்களுக்கு உதவித்தொகைப் பயிற்சியாளர் வாசல். ஆராய்ச்சி மையங்களும் அணுமின் கழகமும் எடுக்கின்றன, பயிற்சிக்குப் பின் அறிவியல் உதவியாளர். இதை யாரும் மட்டமாகப் பேசினால் நம்பாதீர்கள். எனக்கு குளோவ் பாக்ஸில், அதாவது கையுறை பதித்த மூடிய பெட்டியில், கை வைக்கக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அறிவியல் உதவியாளர்தான். அவர் செய்த டைட்ரேஷனைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றியதே இல்லை.

மூன்றாவது, நெட் அல்லது கேட் வழியாக ஆராய்ச்சி மாணவராகப் போய், ஹோமி பாபா தேசிய நிறுவனத்தில் பிஎச்.டி. படிப்பது. பட்டம் கிடைக்கும், நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேர்முகத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. எதில் உங்களுக்குப் பிடிப்பு என்று கேட்டு, அதிலிருந்தே தோண்டுவார்கள். "அனலிட்டிக்கல்" என்று சொல்லிவிட்டால், பி.எச். மீட்டரின் கண்ணாடி மின்வாய் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆரம்பித்து, உங்கள் புராஜெக்டில் போட்ட நேர்கோட்டு வரைபடம் ஏன் பூஜ்யத்தில் வெட்டவில்லை என்பதுவரை போகும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் போவார்கள். மழுப்பினால் அங்கேயே தோண்டுவார்கள். உங்கள் எம்.எஸ்ஸி. புராஜெக்டில் ஒரு எண்ணையாவது அதன் பிளஸ் மைனஸோடு சொல்லி, அந்தப் பிளஸ் மைனஸ் எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தயாராகப் போங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கரும்பலகையில் சமன்பாடு எழுதத் தெரிந்தால் பாதிப் பேச்சு முடிந்தது.

தேர்வானால் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் விசாரணை. வீட்டுக்குக் காவலர் வந்து விசாரிப்பார் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் வீட்டில் சொல்லாமல் விட்டு, தெருவே கூடிவிட்டது.

கதிர்வீச்சு பற்றி

பயம் நியாயமானது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து பயப்படுங்கள். ஊழியர் வாங்கும் கதிர்வீச்சுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. இயற்கையாகவே உலகில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது. சட்டையில் குத்தும் டி.எல்.டி. பட்டை உங்கள் மேல் பட்ட கதிர்வீச்சின் கணக்கை வைத்துக்கொள்ளும். பெண்கள் கருவுற்றதும் தெரிவித்துவிட வேண்டும். அதன் பிறகு கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவெர்ட், வேலையும் அதற்கேற்ப மாற்றித் தரப்படும்.

புளூட்டோனியத்தின் ஆல்ஃபா கதிர் உங்கள் தோலைக்கூடத் தாண்டாது. ஆனால் துகள் மூச்சில் போனாலோ, வெட்டுக் காயத்தில் புகுந்தாலோ உள்ளே எலும்பிலும் கல்லீரலிலும் குடியேறிவிடும். புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,110 ஆண்டு. அதனால்தான் குளோவ் பாக்ஸ். வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் குறைவு, ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் போகும், வெளியே வராது. தடித்த ரப்பர் கையுறைக்குள், அதற்கு முன்பே போட்ட மெல்லிய கையுறையோடு கையை நுழைத்தால் முதல் வாரம் பூட்டைத் திறக்கிற வேலைகூட முடியாது. தராசின் கதவைத் திறக்கவே மூச்சு வாங்கும். கையுறைக்குள் வியர்வை வழியும், மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. சில்லறைக் காசுகளை அடுக்கிப் பழகினேன் நான், பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. சிரிக்காதீர்கள், உதவியது.

சில சின்ன விதிகள். காலையில் ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டாலும், அம்மியில் விரல் நசுங்கினாலும் உள்ளே போகும் முன் சொல்லிவிட வேண்டும். உள்ளே சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை எதுவும் கிடையாது. கூர்மையான எதையும் பெட்டிக்குள் அவசரமாக நகர்த்தக்கூடாது. வெளியே வரும்போது கை கால் கண்காணிப்பு இயந்திரத்தில் நின்று பச்சை விளக்கு வந்த பிறகே படி தாண்ட வேண்டும், பஸ் கிளம்பிவிடும் என்றாலும்.

யாரும் சொல்லாதவை

அலுப்பு உண்டு. ஒரே சாம்பிளை ஆறு முறை, ஒரே ஸ்டாண்டர்டைத் தினமும். கடற்கரை ஆய்வகத்தில் குளோரைடு அளக்கிறவர்களுக்கு உப்புக் காற்றே எதிரி. ஜன்னல் திறந்திருந்த நாளின் பிளாங்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஐப்பசி மழையில் பொடிகள் ஈரம் குடிக்கும், எடை நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். கழிவை வகை பிரித்துப் பதிவு செய்யும் வேலை, அளக்கிற வேலைக்குச் சமமான நேரத்தைத் தின்னும். டேவிஸ்-கிரே முறையின் ஒரே பாவம் அதுதான், ஒவ்வொரு டைட்ரேஷனும் யுரேனியமும் குரோமியமும் கலந்த ஃபாஸ்ஃபேட் கழிவை விட்டுப் போகும்.

வேலையிடத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட முடியாது. அலுவலக ரகசியச் சட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கல்யாணப் பேச்சில் "பையன் என்ன வேலை?" என்றால் "கெமிஸ்ட்" என்று சொல்லி, மருந்துக் கடை என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

வாசல் திறக்காவிட்டாலும் இந்தக் கைப்பழக்கம் வீணாகாது. நிலத்தடி நீரில் யுரேனியம் பார்க்கும் வேலை இப்போது பல ஆய்வகங்களுக்கு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, நம் ஒழுங்குமுறை வாரியத்தின் அளவு 60. எல்.இ.டி. ஃப்ளூரிமீட்டரோ ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோ வைத்திருக்கும் நீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும், மருந்து ஆலைகளின் உலோக மாசுப் பிரிவிலும் பிளாங்கின் அருமை தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். என்னிடம் வந்த பெண் ஒருத்தி இரண்டு முறை நேர்முகத்தில் கிடைக்காமல், இப்போது அம்பத்தூர் பக்கம் ஒரு கூடத்தில் இதைத்தான் செய்கிறாள். போன மாதம் போன் செய்து, "சார், ஒரு போர்வெல் சாம்பிள்ல யுரேனியம் 80 வருது. ஆனா பாட்டிலைச் சரியாக் கழுவினாங்களான்னு சந்தேகமா இருக்கு, மறுபடி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். மறு சாம்பிளோடு, அதே பாட்டில்களில் வடிநீர் நிரப்பி இரண்டு பிளாங்கும் வைக்கச் சொன்னேன். "மூணு வெச்சிருக்கேன் சார்" என்றாள்.